தபால் பெட்டியில் மஞ்சள் துணி

வெர்னன் ஸ்டக்கி, ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அமெரிக்கக் காரின் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை எட்டி நீட்டி பிரேக்கை மிதிக்கிறார். இடது கை ஸ்டியரிங்கில். வலது கை ஜன்னலுக்கு வெளியே போய் தபால் பெட்டியைத் திறக்கிறது, கடிதங்களைத் திணிக்கிறது, மூடுகிறது. கன்சாஸ் மாநிலத்தின் சரளைச் சாலைகளில் இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். இருபத்தாறு வருடம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஓட்டியதில் இடுப்பு அந்தக் கோணத்துக்கே பழகிவிட்டது. தேவாலயத்தில் நிமிர்ந்து உட்காரச் சொன்னால்தான் வலிக்கிறது. காரை விட்டு இறங்குவது என்ற பேச்சே கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை ஏழாவது பெட்டியில் ஒரு மஞ்சள் துணி தொங்கியது. பாத்திரம் துடைக்கிற துணி. ஒன்பதாவதில் குழந்தையின் எச்சில்துணி, அதுவும் மஞ்சள். பதினான்காவதில் ஒரு மஞ்சள் ரப்பர் கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு காற்றில் ஆடியது. வெர்னன் எதையும் தொடவில்லை. கடிதத்தை வைத்துவிட்டு நகர்ந்தார்.

சனிக்கிழமைகளில் அவர் வேறு ஆள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கல்லூரிகளின் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவார். பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிரணி பிடித்துக் கீழே தள்ள வேண்டும். யாராவது விதியை மீறினால் இடுப்பில் செருகிய மஞ்சள் கொடியை உருவி எறிவது நடுவரின் வேலை. வெர்னனின் கொடிக்கு அவர் மனைவி லொரெய்ன் ஒரு மூலையில் சோளமணிகளை வைத்து முடிச்சுப் போட்டுத் தைத்திருக்கிறாள், எறிந்தால் காற்றில் பறக்காமல் விழுவதற்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சமையலறைத் தொட்டியில் அவரே கசக்குவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் அநியாயக் கொடி எறிந்துவிட்டார் என்று ஊர் தீர்மானித்துவிட்டால், திங்கட்கிழமை அவர் கண்ணில் படும்படி மஞ்சளாக எதையாவது கட்டித் தொங்கவிடுவார்கள். நடுவரே தபால்காரராகவும் வாய்த்தது ஊருக்குக் கிடைத்த வரம். ஒரு வீடு பாக்கியில்லாமல் அவரே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். ஆட்டம் முடிய நாற்பது நொடி. மூன்று புள்ளி பின்தங்கியிருந்த உள்ளூர்க் கல்லூரிக்காக கோல்பி வீப் என்ற பையன் பந்தோடு தப்பித்து ஓடினான். மைதானக் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி; நான்கு வருடத்தில் அவனுடைய முதல் டச் டவுன் ஆகியிருக்க வேண்டியது. கோட்டுக்கு ஐந்து கஜம் இருக்கும்போதே பந்தை உயர்த்திப் பிடித்து, மற்ற கை விரலைப் பக்கவாட்டில் ஓடிவந்த எதிரணி ஆள் பக்கம் நீட்டி, முழங்கால் மார்பில் முட்ட எம்பி எம்பிக் குதித்துக்கொண்டு உள்ளே போனான். வெர்னன் கொடியை எறிந்தார். எதிரணி ஆளைச் சீண்டிக் கொண்டாடினால் பதினைந்து கஜம் தண்டனை. கோட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே சீண்டிவிட்டால் டச் டவுனும் போச்சு. போயிற்று. ஆட்டமும் போயிற்று.

திங்கட்கிழமை தீவனக் கடை டுவேன் ரீகியர் தன் பெட்டிக்குப் பக்கத்திலேயே காபிக் குவளையோடு காத்திருந்தார்.

"யோவ் வெர்ன், இந்தப் பசங்க நாலு வருஷம் எலும்பு உடைய ஆடுறானுங்க. எவனும் பெரிய லீக்குக்குப் போகப் போறதில்ல. அடுத்த வருஷம் என் கடையிலதான் மூட்டை தூக்கப் போறானுங்க. ஒரு பத்து செகண்டு குதிச்சா உனக்கு எங்க குத்துது?"

"நான் பாத்ததுக்குத்தான் எறிஞ்சேன்."

"இதையே எத்தனை வருஷமா சொல்லுவ?"

"பாக்கிற வரைக்கும்."

இருபத்தேழு பருவங்களாக அவர் சொல்லும் ஒரே வாக்கியம் அது. பதிலுக்குப் பதில் பேசி வாய் புளித்துப்போன ஒருவர் கடைசியில் கைவசம் வைத்துக்கொள்கிற வாக்கியம். இந்த விதி அவருக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு வசந்தத்திலும் நடுவர்கள் கூட்டத்தில், மட்டமான காபியைக் குடித்துக்கொண்டு, இதையே அரைத்து அரைத்துப் பேசுகிறார்கள். முழங்காலிட்டு ஜெபித்தால் சரி. ஜெபித்துவிட்டு எழுந்து நெஞ்சில் தட்டிக்கொண்டால் தப்பா? கூட்டத்தைப் பார்த்துத் தலை குனிந்தால் என்ன? இரண்டு பேர் சேர்ந்து குனிந்தால்? வளர்ந்த ஆண்கள் மூன்று மணி நேரம் இதைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிறத்தியார் சந்தோஷத்துக்கு அளவுகோல் பிடிக்கிற பிழைப்பு என்று அவருக்கே அலுப்பாக இருக்கும்.

ஓபல் அன்ரூவுக்கு எண்பது வயது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள். அவர் பெட்டியில் மஞ்சள் எதுவும் இல்லை.

"நீ செஞ்சதுதான் சரி வெர்ன். ஜெயிச்சவன் வாயை மூடிக்கிட்டு ஜெயிக்கணும். எங்க வீட்டுக்காரர் ஏக்கருக்கு அறுபது புஷல் கோதுமை மகசூல் எடுத்த வருஷம்கூடக் களத்துல குதிக்கல."

"அவரு எதுக்குமே குதிச்சதில்லையே ஓபல்."

"ஆமா," என்றார் அந்த அம்மாள். "அது ஒரு குறைதான்."

தன்னை ஆதரிக்கிறவர்கள் பேச்சுத்தான் வெர்னனை அதிகம் களைப்பாக்குகிறது. திட்டுகிறவர்களிடம் அந்த ஒற்றை வாக்கியத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பாராட்டுகிறவர்களிடம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் இந்த வாரம் பாராட்டு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

காரணம் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நடுவர்களின் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "புத்தகப்படி சுத்தமான முடிவு. பையன் குடும்பத்துக்காரங்க கேட்டா வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் வெர்னன் ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்த்தார். எதிர்க்கோடியிலிருந்து எடுத்த படம். பையனுக்குப் பின்னால் ஓடிவந்த வெர்னனுக்கு, நீட்டிய விரலும் எதிரணி ஆளின் தலையும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தன. இந்தப் படத்தில் அப்படியில்லை. விரல் அந்த ஆளின் தலைக்கு மேலே, வெகு மேலே போய், பார்வையாளர் பகுதியின் நான்காவது வரிசையில் தனியாக எழுந்து நின்ற ஒரு மனிதரைக் காட்டியது. பையனின் அப்பா மார்வின் வீப். பால்மாடு வைத்திருக்கிறவர். சனிக்கிழமை மத்தியானம் மாட்டை விட்டுவிட்டு வர முடியாமலே இருந்து, நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தவர்.

பதினோரு தடவை பார்த்தார். லொரெய்ன் வந்து பின்னால் நின்றாள்.

"பன்னெண்டாவது தடவை பாத்தாலும் விரல் அங்கேயேதான் இருக்கும். வந்து சாப்பிடு வெர்ன்."

அவர் போய்ச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஆயிரம் கொடியாவது எறிந்திருப்பார். அதில் தப்பானவை இருந்திருக்கும், எல்லா நடுவர்களுக்கும் இருக்கும். ஆனால் ஒரு பையன் அப்பாவைக் கண்டு பொங்கியதைக் குற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. பருவத்தின் கடைசி ஆட்டம். பையனுக்குக் கடைசி வருடம். திருப்பி ஆட அவனுக்கு இனி ஆட்டமில்லை. வெர்னனுக்கு வெட்கமாக இருந்தது, வேறு பெயர் சொல்லி மழுப்ப முடியாத வெட்கம்.

வீப் வீடு பாதையின் கடைசி வளைவில் இருக்கிறது. அதுவரை பதினேழு மஞ்சள் எண்ணிவிட்டார். கடைசியாக ஒரு வீட்டில் வாழைப்பழத்தோலையே ஆணியடித்திருந்தார்கள். ஊரே கட்டியிருக்கிறது, வீப் வீட்டில் கொட்டகைத் தார்ப்பாயையே கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

பெட்டி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மார்வின் வீப் ரப்பர் பூட்ஸோடு நின்றார்.

"வா வெர்ன்."

"மார்வின்." வெர்னன் விதைக் கம்பெனி பட்டியலையும் ஒரு கடிதத்தையும் நீட்டினார். "பெட்டியில ஒண்ணும் கட்டலையே?"

"கோல்பி வேணாம்னுட்டான். தப்பு தன் மேலதான், உள்ள போற வரைக்கும் பொறுத்திருக்கணும்னு சொல்றான். சனிக்கிழமையிலேர்ந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான்." மார்வின் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆனால் படிக்கவில்லை. "நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் பொதுவா எந்திரிச்சு நிக்கிறவன் இல்ல. அன்னைக்கு எந்திரிச்சேன். நான் உக்காந்தே இருந்திருந்தா அவன் விரலை நீட்டியிருக்க மாட்டான். அதான் எனக்கு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அவன் யாரைக் காட்டுனான்னு நீ நினைச்ச?"

இருபத்தேழு வருட வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. "நான் பாத்ததுக்கு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றுபோனது. மேலாளர் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. மார்வின் அவசரப்படாமல், மாடு எழுந்திருக்கக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார்.

வெர்னன் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சரளையில் இறங்கினார். முன்கண்ணாடிக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போட்ட கொடி மடித்தபடி கிடந்தது. அதை எடுத்து வந்து, வீப் வீட்டுப் பெட்டியின் கழுத்தில் சோளமணி மூலை கீழே தொங்கும்படி இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.