அண்ணனுக்குப் போக மீதி ஐம்பது

லேப்டாப் என் காசில் வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் யாருக்கும் இது ஞாபகம் இருப்பதில்லை. போடியில் ஒரு டியூஷன் சென்டரில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திச் சேர்த்த பணம். படிப்பு முடித்து நாலு வருஷம் கழித்து, படித்த படிப்புக்கேற்ற ஒரு வேலைக்கு முதல்முறையாக அழைப்பு வந்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் தேர்வை விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில்தான் செய்து காட்ட வேண்டும்.

விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர், போட்டு அதில் லினக்ஸை ஓட்டலாம். அதுதான் பத்திரம், எதுவும் கெடாது. ஓட்டியும் பார்த்தேன். எட்டு ஜிபி ரேமை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு, இரண்டுமே நகர மறுத்தன. சரி, டிஸ்க்கைப் பிரித்து டூயல் பூட் செய்வோம், வேண்டும்போது வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். விண்டோஸை அடியோடு தூக்கவும் வழியில்லை. அண்ணன் ஏலக்காய் ஏலத்தை அதில்தான் பார்ப்பான். போனிலேயே பார்க்கலாம். பெரிய திரையில் பார்த்தால் விலை கூடும் போலிருக்கிறது!

டிஸ்க்கைப் பிரிக்கப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. போடிமெட்டுத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் ஜீப்பில் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான் அண்ணன்.

"பிரிக்கப்போறியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"மொத்தம் ஐந்நூறு ஜிபிண்ணே. ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி."

"பாதியா? நாளைக்கு நீ வாக்கப்பட்டுப் போயிருவ. அந்த எடம் சும்மா கெடக்கவா? ஒனக்கு அம்பது போதும்."

நான் போனால் லேப்டாப்பும் என்னோடுதான் வரும் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை. அவனுக்கு டிஸ்க்கும் மலைச்சரிவில் கிடக்கும் தோட்டம் மாதிரிதான். தோட்டத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டபோதும் இதே பேச்சைத்தான் பேசினான். என் கல்யாணத்துக்கு நகை எடுத்து வைத்தாயிற்று, இனிப் பங்கில்லை என்று சொல்லி என்னிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "விட்டுக்குடு ஆத்தா. அவன்ட்ட எதுக்கு வம்பு? ஒஞ் சோலி நடந்தாச் சரிதான?"

என் மெஷின், என் காசு, என் தேர்வு. ஆனாலும் இடம் எவ்வளவு என்று திரை கேட்டபோது ஐம்பது என்று அடித்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்வுக்கு இரண்டு மணி நேரம். என் திரையை வேலைக்கு அழைத்த கம்பெனிக்காரர்கள் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகப் போனது. பிறகு, தேவையானதையெல்லாம் இறக்கி ஒன்றாகச் சேர்க்கிற இடத்தில், டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. அழிக்க முடிந்ததையெல்லாம் அழித்தேன். போதவில்லை. பக்கத்திலேயே அண்ணனின் பங்கு. அதில் அவனுடைய கல்யாண வீடியோவும் நாலு சினிமாவும்தான், மற்றதெல்லாம் காலி. அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று போனால் எழுத விடவில்லை. காலையில் ஏலம் பார்த்தவன் விண்டோஸைச் சரியாக மூடாமல் தூங்க வைத்துவிட்டுப் போயிருந்தான். அப்படி விட்டால் விண்டோஸ் தன் பங்கைப் பூட்டிக்கொள்ளும். விண்டோஸுக்குள் போய் அதைச் சரியாக மூட வேண்டுமென்றால் தேர்விலிருந்து வெளியேற வேண்டும். அரைகுறையாகக் கிடந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நேரம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தேர்வு நடத்திய அம்மாள் போனில் கூப்பிட்டார். கனிவாகத்தான் பேசினார். "உங்க வேலை நல்லா இருந்தது. ஆனா ஒண்ணு புரியல. அதே டிஸ்க்குல அவ்வளவு இடம் காலியா இருக்கு. லினக்ஸுக்கு ஏன் இவ்வளவு கம்மியா ஒதுக்கினீங்க?"

எதிரில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டிலில் படுத்திருந்தான். இவன் எடுத்துக்கொண்டான், இவர் விட்டுக்கொடுக்கச் சொன்னார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள்.

"சரியாத் தெரியாமப் பண்ணிட்டேன் மேடம்" என்றேன்.

வேலை கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே என் வாயால் சொல்லிவிட்டு போனை வைத்தேன். "என்னவாம்?" என்று கேட்டான் அண்ணன், படுத்தபடியே.