ஆக்ஸிஜன் ஆகாது என்றேன்

எழுபதுகளின் நடுவில், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் மொட்டை மாடியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக் வேலை, குரோம்பேட்டையில் வாடகை வீடு. அந்தக் காலத்தில் தாம்பரம் பக்கம் ஏ.சி. இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் எங்கே மெஷின் படுத்தாலும் என்னைத் தேடி ஆள் வந்துவிடும்.

அன்று நர்சிங் ஹோமின் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து நின்றார். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாரத்தில் இருப்பது ஒரு லீவு, அதையும் பிடுங்க வந்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். ஆபரேஷன் தியேட்டர் மெஷின் என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் ஆபரேஷன் பண்ணப்போகிறார் என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் பம்ப் ஸ்டவ் வெடித்து ஒரு பெண் உடம்பெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறாளாம். தியேட்டரை ஒட்டிய அறைக்கும் அந்த மெஷினிலிருந்துதான் குளிர்காற்று போகிறது, அங்கேதான் அவளைப் போட்டிருக்கிறார்களாம். இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று அவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏ.சி.க்குள் ஏற்றுகிற குளிரூட்டும் கேஸ் வீட்டில் அரை சிலிண்டர் கையிருப்பில் இருந்தது. அதை அவர் சைக்கிளில் கட்டினோம். வாக்குவம் பம்ப்பும் டூல்ஸ் பையும் என் சைக்கிளில் ஏறின.

போனதும் முதலில் அறைக்குள் காற்று வரும் வாயைப் பார்த்தேன். கீழே படுத்திருந்த அந்தப் பெண்ணைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். வாழை இலை பரப்பி அதன்மேல் படுக்க வைத்து, ஈ மொய்க்காமல் கொசுவலை போட்டிருந்தார்கள். முகம் மட்டும் தப்பியிருந்தது. அதனால்தான் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியாக அனல் அடித்தது. ஒரு ஆயா பனைமட்டை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் ஏறி நின்றபோது அந்தப் பெண் கண்ணைத் திறந்து, “அண்ணா, காத்து வருமா?” என்று கேட்டாள். வரும்மா என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மெஷினைத் தொட்டவுடனேயே கோபம் தலைக்கேறியது. ஒவ்வொரு கோடைக்கும் யாரோ ஒரு புண்ணியவான் வந்து கேஸ் மட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கே ஒழுகுகிறது என்று ஒருத்தனும் தேடவில்லை. செம்புக் குழாயின் இணைப்பு ஒன்று அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டு, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடந்தது. உள்ளே பொட்டு கேஸ் இல்லை.

விரிசலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் மாடிக்கு வந்தார். ஐம்பது வயசு இருக்கும், வெள்ளை முழுக்கைச் சட்டை, சட்டையெல்லாம் மஞ்சள் மருந்துக் கறை. பெண்ணின் அப்பா. ஏதோ ஆபீசில் ஹெட் கிளார்க்காம். மனைவியும் மகனும் ஒரு கல்யாணத்துக்காக நாசரேத் போயிருக்கிறார்கள், தந்தி கொடுத்தாகிவிட்டது, மறுநாள் காலை ரயிலில்தான் வந்து சேருவார்கள் என்று நான் கேட்காமலேயே சொன்னார். மகள் ‘எரியுது எரியுது’ என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார முடியவில்லை, ஏதாவது வேலை கொடுங்கள் என்றார். நான் குழாய் ஒட்டுகிற ப்ளோ லாம்ப்பை எடுத்துப் பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். அது சீறிக்கொண்டு நீலமாக எரிந்ததும் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணைக்கவும் முடியாது, அந்தச் சுவாலை இல்லாமல் குழாயை ஒட்ட முடியாது. குழாய் ஒட்டி முடியும் வரை அவர் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம்தான் சோதனை வந்தது. ஒட்டின குழாயில் கேஸ் ஏற்றுவதற்கு முன், அழுத்தமாக ஏதாவது ஒரு வாயுவை நிரப்பி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது குமிழி வந்தால் அங்கே ஓட்டை. அதற்கு நைட்ரஜன்தான் பயன்படுத்துவோம். ஞாயிற்றுக்கிழமை நைட்ரஜனுக்கு எங்கே போவேன்? என் கம்பெனி பூட்டிக் கிடந்தது, சிலிண்டர் விற்கிற டிப்போவும் மூடியிருந்தது. பார்க்காமல் கேஸை ஏற்றலாம் என்றால், கையில் இருப்பது ஒரு தடவைக்குத்தான் காணும். அதுவும் ஒழுகிப்போனால் திங்கட்கிழமை கடை திறக்கும் வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் முகம் பளிச்சென்று ஆனது.

“கீழ வராண்டாவுல ஆக்ஸிஜன் சிலிண்டர் வரிசையா நிக்குதே தம்பி. டாக்டர்கிட்ட நானே கேட்டு வாங்கிட்டு வரேன். அதை வச்சு டெஸ்ட் பண்ணிடுங்க.”

எங்கள் தொழிலில் இந்த யோசனை புதிதல்ல. அவசரத்துக்கு ஆக்ஸிஜன் போட்டுப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பல தடவை ஒன்றும் ஆகாது. கிண்டியில் ஒரு ஷெட்டில் ஒரு தடவை ஆனது. கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்ஸிஜன் அதோடு சேர்ந்தால் தீக்குச்சிகூட வேண்டாம். அன்று ஷெட்டின் கூரைத் தகடு பறந்துபோய் ரோட்டில் விழுந்தது. உள்ளே வேலை செய்தவனைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். இந்த மெஷின் நின்றதோ அந்தப் பெண் படுத்திருந்த அறைக்கு நேர் மேலே.

“ஆக்ஸிஜன் ஆகாது சார். வெடிச்சுதுன்னா கீழ இருக்கிறது உங்க பொண்ணுதான்.”

“அவ ஏற்கெனவே வெந்துபோய்த்தான் கிடக்கா. இதுக்கு மேல என்ன தம்பி வெடிக்கணும்?”

நான் குனிந்து ஸ்பானரைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். தாரெல்லாம் இளகிக் கொதித்த அந்த மாடித் தரையில், என் அப்பா வயசு மனிதர் மண்டியிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டார். பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினேன். அப்போதும் முடியாது என்றுதான் சொன்னேன். கொஞ்சம் கத்திச் சொன்னேன் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம்.

வேறு ஒரு வழி இருந்தது. மெஷினையே ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றை உள்ளே இழுத்து அழுத்தம் ஏற்றுவது. அதுவும் நல்ல முறை இல்லை, நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும். காற்றோடு ஈரமும் உள்ளே போய்விடும், பிறகு வாக்குவம் பம்ப் போட்டு அதைச் சுத்தமாக உறிஞ்சி எடுக்க மணிக்கணக்காகும். மணிக்கணக்கு என்ற வார்த்தையை அவரிடம் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் வேறொரு இணைப்பில் பொடிப்பொடியாகக் குமிழி. மறுபடியும் ப்ளோ லாம்ப், மறுபடியும் காற்று, மறுபடியும் சோப்புத் தண்ணீர். இந்த முறை குமிழி இல்லை. வாக்குவம் பம்ப்பைப் போட்டால் பாதியில் கரண்ட் போய்விட்டது. அந்தக் கோடையில் கரண்ட் போவது தினப்படி சங்கதி. வால்வை மூடிவிட்டு, கம்பத்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எலக்ட்ரிசிட்டி போர்டைத் திட்டின அளவுக்கு வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை. ஆயா படியில் பாதி ஏறி வந்து நின்றார்.

“இன்னாபா, இன்னும் எம்மா நேரம்? கொயந்த காத்து காத்துன்னு கேட்டுக்கினே கீது.”

கரண்ட் வந்து, வாக்குவம் முடிந்து, கேஸ் ஏற்ற ஆரம்பித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கேஸ் வெளியேற வெளியேற சிலிண்டர் குளிர்ந்துபோகும், மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி கட்டும். குளிர்ந்துவிட்டால் மிச்ச கேஸ் வெளியே வராமல் முரண்டு பிடிக்கும். அதற்குச் சிலிண்டரை வெந்நீர் வாளியில் நிற்க வைப்போம். ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டவருக்கு நான் கொடுத்த வேலை அதுதான். நர்சிங் ஹோம் சமையல்கட்டிலிருந்து அவர் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தார். ஆறினதும் கீழே ஓடிப்போய் மறுபடி கொண்டுவந்தார். ஒரு தடவை வாளியை வைத்துவிட்டுச் சிலிண்டரைத் தொட்டவர் கையை எடுக்கவே இல்லை.

“இவ்வளவு சில்லுனு இருக்கே தம்பி. இதையே கீழ கொண்டுபோய் அவ பக்கத்துல வச்சா என்ன?”

இல்லை சார், இது உள்ளே போனால்தான் அறை முழுக்கக் குளிரும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன். தலையாட்டிவிட்டு வாளியை என் பக்கம் நகர்த்தினார். அப்போது ஆயா மேலே வந்தார். கையில் விசிறி இல்லை. “சார், கீய வாங்க” என்று மட்டும் சொன்னார். அவர் ஆயாவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வால்வை மூட என் கைக்குத் தோன்றவில்லை. கடைசிச் சொட்டு வரை கேஸை ஏற்றினேன். குழாய் வியர்க்க ஆரம்பித்தது, கையில் வைத்தால் ஜில்லென்றிருந்தது. மெஷின் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அந்த மாதிரி ஒரு சுத்தமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

கீழே போனபோது அறையில் குளிர்காற்று நிறைந்திருந்தது. கொசுவலையை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். மெஷினை நிறுத்தட்டுமா என்று வாசலில் நின்ற நர்சிடம் கேட்டேன். நர்ஸ் பேசுவதற்கு முன் அவர் திரும்பினார்.

“நிறுத்திடாதீங்க தம்பி. காலையில அவங்க அம்மா வர்ற வரைக்கும் இவ இருக்கணும். அது வரைக்கும் ஓடுமில்ல?”

ஓடும் சார் என்றேன்.

வெந்த அளவுக்கு எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள், நீ என்ன செய்வாய் என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். அது எனக்கும் தெரியும். என்னிடம் அவள் கேட்டது உயிர் இல்லையே, காற்றுதானே. வரும் என்று வாய்கூசாமல் சொல்லியிருந்தேன். போதாக்குறைக்கு, அவள் போகிற நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மனிதரை மாடியில் வெந்நீர் சுமக்க வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். குழம்பைச் சூடுபண்ண என் மனைவி ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போனாள், வேண்டாம், ஆறினதையே போடு என்றேன். காரணம் கேட்டாள். பசிக்கிறது என்றேன். சாப்பிடவும் இல்லை.

இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன், தொழிலை விட்டும் பல வருடங்கள் ஆகின்றன. அன்றைக்கு ஆக்ஸிஜன் போட்டிருந்தால் ஒருவேளை ஒன்றும் வெடித்திருக்காது, ஒருவேளை மத்தியானமே அந்த அறை குளிர்ந்திருக்கும் என்ற கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் செய்தது சரி என்றுதான் விடை வருகிறது. சரியானதைச் செய்தால் மனசுக்கு நிம்மதி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை, ஆனால் எனக்கு மட்டும் அது இன்று வரை கிடைக்கவில்லை.