வெள்ளிக்கிழமைக் கட்டம்

என் அம்மா திருடியிருப்பாளோ என்று நான் ஒரே ஒரு நாள் சந்தேகப்பட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் அடுப்பின் மேலிருந்த குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பருப்பும் கத்திரிக்காயும் கொதித்துக்கொண்டிருந்தன. திரும்பினால் வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள்.

"உப்புப் பாக்கறயா கண்ணு?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். அந்த வயது வரைக்கும் நான் குழம்பில் உப்புப் பார்த்ததே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் இருவரும் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பண்ணையில் தகரக் கூரை போட்ட ஆறு கோழிக் கொட்டகைகள், செட்டு என்போம், செட்டுக்கு இரண்டாயிரம் கோழிகள். அம்மா ஆறாம் செட்டைப் பார்த்துக்கொண்டாள். தீவனம் போடுவது, முட்டை பொறுக்குவது, செத்த கோழியைக் கூண்டிலிருந்து எடுப்பது எல்லாம் அவள் வேலை. செட்டைப் பார்ப்பவர்களுக்குப் பண்ணைக்குள்ளேயே ஓர் அறை வீடு உண்டு. அப்பா இறந்த பிறகு எங்களுக்கு இருந்த ஒரே கூரை அதுதான்.

எனக்கு ஆபீசில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தபாலில் பட்டம் படித்துக்கொண்டே பண்ணையின் ரிஜிஸ்தரை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்தில் யாரும் அதற்கு முன் அந்த ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. நான் செருப்போடு போய் உட்கார்ந்தேன். முதலாளியை அம்மா 'பண்ணாடிங்க' என்பாள், நான் 'சார்' என்பேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்த்து, "அட, நானும் சாராயிட்டனா?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கோழிக்குச் சளி பிடித்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ரிஜிஸ்தரில் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பக்கம். தேதி, முட்டை, தீவனம், சாவு என்று கட்டங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு செட்டிலிருந்தும் செத்த கோழிகளைச் சாக்கில் போட்டு ஆபீஸ் ஜன்னலுக்குக் கொண்டுவருவார்கள். நான் எண்ணி எழுதியதும் அவை குழிக்குப் போகும். வெள்ளிக்கிழமை மட்டும் இது கிடையாது. வெள்ளிக்கிழமை சாவு எழுதக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அன்று சாக்கு ஆபீஸ் பக்கமே வரக்கூடாது, நேராகக் குழிக்குப் போய்விட வேண்டும். எத்தனை என்பதை மறுநாள் வாயால் சொன்னால் போதும், நான் சனிக்கிழமைக் கணக்கோடு சேர்த்து எழுதிவிடுவேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கும். அதை நான் அழகாகப் போடுவேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்படிப் போட்டேன், ஏன் என்று கேட்கவில்லை. நோட்டைப் பார்ப்பவர்கள் என் கையெழுத்தைப் புகழ்ந்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

பங்குனி பிறந்ததும் ஆறாம் செட்டின் பக்கம் கனக்க ஆரம்பித்தது. மற்ற செட்டுகளில் சனிக்கிழமை மூன்று, நான்கு என்று இருந்தால் ஆறாம் செட்டில் பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு. நான்காவது சனிக்கிழமை முதலாளி ரிஜிஸ்தரை முன்னால் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறாம் செட்டின் பக்கத்தைத் திறந்தார்.

"ஏனம்மணி, சனிக்கெழம சாக்குல எத்தன கோழி வந்துது?"

"ரெண்டுங்க சார்."

"நோட்டுல பதினேழு போட்டிருக்கற?"

"மீதி வெள்ளிக்கெழமதுங்க. அம்மா சொன்னாங்க."

"சொன்னா. ஆரு பாத்தா?" அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அஞ்சு செட்டுல இல்லாத சாவு அங்க மட்டும் எப்படி வருது? குழிக்குப் போற கோழி குழிக்குத்தான் போவுதா, இல்ல சட்டிக்கும் சந்தைக்கும் போவுதா? உன்ன வெச்சுட்டுச் சொல்ல எனக்கும் சங்கட்டந்தான் கண்ணு. அடுத்த வாரத்துல அந்தச் செட்டுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன். ஊட்டக் காலி பண்ணோணும்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடு."

என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திருடி என்று வெளியே அனுப்பப்பட்டவளின் மகள் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவாள்? ஆபீசிலிருந்து வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். அந்தத் தூரத்துக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டியின் மூடியைத் திறந்தது அப்படித்தான்.

மூடியை மூடிவிட்டு, முதலாளி சொன்னதை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

"நான் சொன்ன கணக்க ஆரு எழுதுனா?"

"நாந்தான்."

"வெள்ளிக்கெழம செத்தது வெள்ளிக்கெழமதான் கண்ணு செத்துது. உன்ற நோட்டுலதான் அது சனிக்கெழம சாவுது. படிச்ச புள்ள நீ, நாளு தெரியாம எழுதிப்போட்டு இங்க வந்து சட்டியத் தொறக்கற."

அவள் சத்தம் போடவில்லை. புடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் எனக்கு எண்களைத் தனித்தனியாகத்தான் சொல்லியிருந்தாள். நேற்று இத்தனை, இன்று இத்தனை என்று. நான்தான் கூட்டினேன். நோட்டில் அடித்தல் திருத்தல் வரக்கூடாது என்பதற்காக, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தை மட்டும் நோட்டில் எழுதுவேன். அந்தத் தாள்கள் ஆபீஸ் சுவரில் ஒரு கம்பியில் குத்திக் கிடந்தன. யாரும் எறியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போய் எல்லாவற்றையும் உருவினேன். நான்கு சனிக்கிழமைகள். ஆறாம் செட்டுக்கு நேராக 12+2, 11+1, 13+1, 15+2. என் கையெழுத்துத்தான். கோழி விற்றவள் என்று அம்மாவுக்குப் பேர் வாங்கித் தந்தது நான் போட்ட அந்தக் கூட்டல்.

முதலாளியிடம் இந்தத் தாள்களைக் கொண்டுபோய் நீட்டினால் பார்க்கமாட்டார் என்று தெரியும். அவர் பெரிய படிப்பு படித்தவர் இல்லை, எண்களைக் கண்டால் கண்ணாடியைத் தேடுவார். ஆனால் முட்டை அட்டையைப் பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தாலே எத்தனை குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஓர் அட்டைக்கு முப்பது குழி, வரிசைக்கு ஆறு. பண்ணையில் எல்லோருடைய கண்ணும் அந்தக் கணக்குக்குப் பழகியது.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் தரையில் ஏழு வெற்று அட்டைகளை வரிசையாக வைத்தேன். ஞாயிறு முதல் சனி வரை ஒரு நாளுக்கு ஓர் அட்டை. ஆறாம் செட்டில் நான்கு வாரத்தில் செத்த ஒவ்வொரு கோழிக்கும் ஒரு மக்காச்சோளம். மற்ற நாட்களின் அட்டைகளில் முதல் வரிசையைத் தாண்டி இரண்டொரு மணிகள் போனால் அதிகம். வெள்ளிக்கிழமை அட்டை நிரம்பி, பக்கத்தில் இன்னொன்றை வைத்து, அதிலும் இருபத்தொரு மணிகளைப் போட வேண்டியிருந்தது. அதன் கீழே ஒன்றாம் செட்டுக்கு இன்னும் ஏழு அட்டைகள். அதில் எந்த நாளும் ஒரு வரிசையைத் தாண்டவில்லை.

முதலாளி உள்ளே வந்தவர் காலை எடுத்து வைக்க இடமில்லாமல் நின்றார்.

"இதென்ன அம்மணி, ஆபீசுல கோலம் போட்டிருக்கற?"

"ஆறாம் செட்டுச் சாவுங்க சார். இது ஞாயிறு, இது திங்கள்..."

நான் வெள்ளிக்கு வருவதற்குள் அவர் பார்வை அங்கே போய்விட்டது. குந்தி உட்கார்ந்தார். மணிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றாம் செட்டின் அட்டைகளைப் பார்த்தார், திரும்பவும் மேலே பார்த்தார்.

"திருடறதுன்னா எல்லா நாளும் திருடலாமே" என்றார், தனக்குள் பேசுகிற மாதிரி. அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, வெள்ளிக்கெழம எண்றதில்லீல்ல, அன்னிக்குத்தான் தோதுன்னும் சொல்லலாம்."

நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. ஆனால் அவர் எழவில்லை. "வெள்ளிக்கெழம அங்க என்னதான் நடக்குது? அம்மாவக் கூப்புடு."

அம்மா வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

"வெள்ளிக்கெழமைன்னா உன்ற செட்டுல என்ன விசேஷம்?"

"எங்க செட்டுல ஒண்ணுமில்லீங்க. தொட்டி கழுவறமுங்கல்ல, தண்ணி வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிப்போகுதுங்க."

எல்லாச் செட்டுக்கும் ஒரே மேல்தொட்டி. கூண்டு வரிசைகளுக்கு முன்னால் ஓடும் தகர வாய்க்காலில் முதலில் ஒன்றாம் செட்டுக்குத் தண்ணீர் போய், கடைசியாக ஆறுக்கு வரும். பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்படித்து, பூசை போட்டு, புதுத் தண்ணீர் ஏற்றச் சொன்னது முதலாளிதான். தையிலும் மாசியிலும் கோழிகள் தாங்கின. பங்குனி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அவற்றால் முடியவில்லை.

"இத முன்னமே சொல்றதுக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியாமயாங்க இருக்கும்? கழுவச் சொன்னதே நீங்கதானுங்களே" என்றாள் அம்மா. குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவருக்குத் தெரியும் என்று அம்மா நம்பினாள். நோட்டில் இருக்கும் என்று அவர் நம்பினார். நோட்டை வைத்திருந்த நான் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கெழம நானே பாக்கறேன், அது வரைக்கும் இருக்கட்டும்" என்றார். சொன்னபடி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆறாம் செட்டுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பின்னால் போகவில்லை. உள்ளே அம்மா கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஊற்றியிருக்கிறாள். இரண்டாயிரம் கோழிக்கு ஒருத்தி கொண்டுவரும் குடம் எம்மாத்திரம்? கோழிகள் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைத்துக்கொண்டிருந்தனவாம். அவர் தகரத்தில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாராம். இதையெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னாள்.

ஐந்து மணிக்கு அவரே ஆறாம் செட்டுச் சாக்கோடு ஜன்னலுக்கு வந்தார்.

"ஏழு. எழுது."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க சார்."

"தெரியும். சுழி போட்டு அதுக்குக் கீழ எழுது." கொஞ்சம் நின்றார். "தொட்டிய இனி ஞாயித்துக்கெழம பொழுதெறங்கக் கழுவிக்கலாம். அம்மாவ அங்கயே இருக்கச் சொல்லிப்போடு."

"நீங்களே சொல்லுங்க சார்" என்றேன்.

அவருக்கு முகம் மாறியது. பிறகு ஆறாம் செட்டுப் பக்கம் நடந்தார். 'மன்னிச்சுக்க' என்று அவர் சொல்லவில்லை. "இனி தண்ணி நேரத்துக்கு வந்துரும் அம்மணி" என்றாராம். அம்மா அங்கே வேலை பார்த்த பதினைந்து வருஷத்தில் அவர் அவளை அம்மணி என்றது அன்றைக்குத்தான்.

இப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் உற்பத்திக் கணக்கு ஏற்றுகிறேன். இங்கேயும் மொத்தம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த நாள், எந்த மிஷின், எந்த நேரம் என்று பிரித்துப் பார்க்கச் சோம்பல்படுகிறார்கள், சில சமயம் பயப்படுகிறார்கள். பயத்தை நான் புரிந்துகொள்கிறேன், நல்ல நாளில் சாவு எழுதினால் ஆகாது என்று அந்தப் பண்ணை முதலாளிக்கும் இருந்தது பயம்தான். ஆனால் கணக்கில் காரணம் தெரியாமல் போனால் யாரும் சும்மா இருப்பதில்லை. ஆள் தேடுகிறார்கள். தேடும்போது கண் போவது எப்போதும் கடைசிச் செட்டில் நிற்பவர்கள் மேல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"பண்ணாடியே வந்து சொல்லிப்போட்டாரு" என்றாள். "நீ எப்பச் சொல்லுவ?"

சட்டியைத் திறந்ததை அவள் மறக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்புத்தாம்மா" என்றேன்.

"இன்னிக்கும் பாக்கறதுன்னா பாத்துக்க. உப்புக் கம்மியா இருந்தாலும் இருக்கும்."

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சாக்கோடு ஜன்னலுக்கு வந்து, அதைத் தலைகீழாகப் பிடித்து என் முன்னால் உதறினாள். தவிட்டுத் தூசு மட்டும் விழுந்தது. நான் பிள்ளையார் சுழிக்குக் கீழே பூஜ்யம் போட்டேன். அவள் போகவில்லை. நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து, என் விரல் காட்டிய இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.