மலைப் பக்கம் ஜன்னல் வைத்த அறை

இன்று காலை எங்கள் ஊர் அனந்தபுரத்திலிருந்து பக்கத்திலிருக்கும் செஞ்சிக்குப் பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டில் ஓர் இளம் இன்ஜினியர் பெண். அவள் மடியில் விரித்திருந்த வரைபடத்தை நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா பாக்குறீங்கம்மா? செஞ்சியில காலேஜ் பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் கட்டப் போறோம்."

"எவ்ளோ ஒசரம் வரும், கண்ணு?"

"ஒரு மாடிதான். தெருவுல இருக்கற வீடுங்கள விட ஒசரமா போவக் கூடாது. செங்கல்லு, சுண்ணாம்பு, காத்து வர்ற மாதிரி நடுவுல முத்தம். ஏசியே வேணாம். கூலி வேல செய்யறவங்க வூட்டுப் பொண்ணும் தங்கலாம்."

அறுபதுகளில் இதே ரோட்டில்தான் செஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் வந்து போனேன். ஒரு மாசி அமாவாசையன்று பஸ்களையெல்லாம் மேல்மலையனூர் கோயில் திருவிழாவுக்குத் திருப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே காத்துக் கிடந்து நான் வீடு சேர்ந்தபோது ஊர் அடங்கியிருந்தது.

நைனா திட்டவில்லை. "செஞ்சியில தங்க ஒரு எடம் இருந்தா உட்டுடுவேம்மா. இல்லியே" என்றார்.

பத்தாவதோடு என் படிப்பு நின்றது.

படத்தில் மாடி மூலையில் இருந்த அறையைத் தொட்டேன். "இதுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?"

"ராஜகிரி மலைப் பக்கம். பேத்திக்குக் கேக்கறீங்களா?"

"பேத்தி மெட்ராஸ்ல படிச்சி முடிச்சிட்டா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஹாஸ்டலில் சேர வயது வரம்பு உண்டா என்று கேட்பதற்குள் செஞ்சி வந்துவிட்டது. தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். மூலை அறையை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.