நான் எழுதாமல் விட்ட ஆறாவது குறிப்பு

பொங்கலுக்கு எங்கள் கம்பெனி ஐந்து நாள் மூடல் என்று நோட்டீஸ் ஒட்டியதுமே, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் ஊட்டியில் அறை போட்டுவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு வருஷமா அந்த வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கீங்கப்பா. இந்தத் தடவ சாக்குச் சொன்னீங்கன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்" என்றாள். என்னிடம் ஒரு நல்ல சாக்கு இருந்தது. பூனை.

அது என் மனைவியின் பூனை. எனக்கு அதைப் பிடிக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எட்டு வருடம் எங்களோடு இருந்தும் அதன் முகத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எங்கே பூனை, எங்கே பூனை என்று தேடிவிட்டு, நாங்கள் கதை விடுகிறோம் என்ற முடிவோடு கிளம்பிப் போவார்கள். ஆள் அரவம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு மட்டும்தான் வெளியே வரும். முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் மூன்றேகால் மணிக்கு படப்பையில் உள்ள எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்தால், எழுந்து வந்து வாசல் கதவின் முன்னால் உட்காரும்.

அவள் போன பிறகும் உட்கார்ந்தது. என் விடுமுறை நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். மூன்றேகாலுக்கு ஹாரன், கதவு, பூனை. உடனே டிவியைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

கம்பெனியில் அவளுக்கு நீல நிறத்தில் ஒரு கோட்டு கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் துவைக்க வீட்டுக்குக் கொண்டுவருவாள். கடைசியாகக் கொண்டுவந்த கோட்டை அவள் துவைக்கவில்லை. மறுநாள் காலையில் நெஞ்சு வலி என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஆட்டோவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு கோட்டு இருந்த பையைத் திறந்தேன். சாப்பிடாமல் கிடந்த பூனை வந்து தலையை உள்ளே விட்டது. கோட்டை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் விரித்தேன். அதன் மேல் படுத்தது; அன்றே சாப்பிட்டது. பூனைக்காகத்தான் அதைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினேன். மாடி அறையில் இருக்கும் பையன்கள் என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். கேட்டதும் சிரித்தார்கள். "பூனைக்காவ பொங்கலுக்குப் போவலன்னு சொன்னா எங்கம்மா வெளக்கமாத்த எடுத்துருவா அண்ணாச்சி" என்றான் ஒருவன். தாம்பரத்தில் பூனைகளைப் பணம் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளும் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். "உங்க கேட் ஃப்ரெண்ட்லியா சார்?" என்று ஒரு பெண் கேட்டது. "எங்கிட்டயே அது இன்னும் பழகலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் ஒத்துக்கொண்டார். இந்த ஊர்க்காரர். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவர் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். "நீ நிம்மதியா போய்ட்டு வாண்ணே. மீனு வெக்கணும், அவ்ளோதானே? நா பாத்துக்கிறேன்" என்றார்.

நான் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருப்பவன். ஒவ்வொரு மெஷினிலும் தொங்கும் வேலைக் குறிப்பில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதே பாணியில் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஒன்று, காலை ஏழு மணிக்கு அவித்த மத்தி மீன். இரண்டு, தண்ணீர் மாற்றவும். மூன்று, கூப்பிட வேண்டாம். நான்கு, குனிந்து பார்க்க வேண்டாம். ஐந்து, கதவைத் திறந்து போட வேண்டாம்.

ஆறாவதாகக் கோட்டைப் பற்றி எழுத வேண்டும். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனவளின் அழுக்குக் கோட்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், தொடாதீர்கள் என்று அடுத்த வீட்டுப் பெண்மணிக்கு எப்படி எழுதுவது? இந்த ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெருவே பேசும். எழுதவில்லை. அடுத்தவன் தாளில் ஒரு வரி விட்டுப்போனால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு மானத்தை வாங்குகிறவன் நான்.

ஊட்டியில் முதல் நாளும் இரண்டாம் நாளும் நல்ல செய்திதான். "கண்ணுலயே படல அண்ணே. ஆனா தட்டு காலியா கீது. வூட்ல பூனை கீதா, வேற இன்னாவாவது கீதா?" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் போகி. தேயிலைத் தோட்டத்தின் நடுவே மகள் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, போகியாச்சே, உன் வூட்டையும் சேத்துக் கூட்டித் தொடச்சி வுட்டேன். அண்ணி இல்லாத வூடு, யாரு செய்வா? கட்டிலுக்கு அடில ஒரு பழைய கோட்டு, ஒரே பூனை முடி. கொண்டாந்து நெருப்புல போட்டுட்டேன். பூனைக்கு நல்ல கோணிச் சாக்கா ஒண்ணு போட்டு வெச்சேன்."

வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? "சரிம்மா. ரொம்ப நன்றி" என்றேன். மகள் படத்தைக் காட்டினாள். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று தட்டில் மீன் அப்படியே இருந்தது. மறுநாளும். "நா இன்னா அண்ணே தப்பு பண்ணேன்?" என்று அந்த அம்மா அழாக்குறையாகக் கேட்டார். பொங்கல் இரவே ஊட்டியிலிருந்து கிளம்பிவிட்ட நானும் மகளும் அன்று மதியம் வந்து சேர்ந்தோம். வீடு முழுக்க பினாயில் வாசனை. வாசலுக்கு எதிரே போகிச் சாம்பல். அதில் கோட்டின் அழுத்துப் பொத்தான்கள் கருகிக் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பூனை புதுச் சாக்கைத் தொடக்கூட இல்லை. கோட்டு விரித்திருந்த இடத்தில், வெறும் தரையில், கண்ணை மூடாமல் படுத்திருந்தது. இரண்டு நாள் பட்டினியில் முதுகெலும்பு தெரிந்தது. மீனைக் கிட்டத்தில் தள்ளினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அலுப்பில் கட்டிலில் சாய்ந்தேன். முதுகுக்குக் கீழே வெறுமையாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது: ஒரு வருடமாக அந்தக் கோட்டின் மேல் படுத்தது பூனை மட்டும் இல்லை. அதற்கு மேலே கட்டிலில் நானும்தான்.

எழுந்து போய், ஃப்ரிட்ஜில் இருந்த தாளில் ஆறு என்று போட்டு எழுதினேன்: கட்டிலுக்கு அடியில் இருக்கும் கோட்டை எடுக்க வேண்டாம், அது என் மனைவியுடையது. பின்னால் நின்று அதைப் படித்த மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பண்டிகை முடியாவிட்டாலும் என் மனைவியின் கம்பெனியில் வேலை தொடங்கிவிட்டார்கள் போலும். மூன்றேகாலுக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது. பூனை அசையவில்லை. நான்தான் போனேன். யோசித்துப் போகவில்லை, கால் போனது. கதவைத் திறந்து நின்றேன். நாலைந்து பெண்கள் இறங்கி, பேசிக்கொண்டே அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பஸ் நகர்ந்தது. தெரு காலியாகிவிட்டது. அதற்குப் பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

காலடியில் ஏதோ உரசியது. பூனை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காலியான தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ வரமாட்டா" என்று அதனிடம் சொன்னேன். ஒரு வருடத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பிறகு மீன் தட்டை வாசலுக்கே கொண்டுவந்து வைத்தேன். தெருவைப் பார்த்தபடியே அது சாப்பிட்டது.