நண்பகலில் திறந்த கதவு

சந்தாபுரா வாழ் பெருமக்களே! பரிமளத்தோடு ஒரே நடைபாதையில் அமர்ந்து உண்டவர்களே! முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். புகழுரை பிறகு வரட்டும். போன ஞாயிறு நண்பகலில் நம் குடியிருப்புப் பூங்காவின் கதவு பூட்டப்பட்டது. கதவில் பரிமளத்தின் படம், படத்துக்கு மாலை, மாலைக்குக் கீழே பூட்டு. மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை என்றே நம் குடியிருப்போர் சங்கத்தார் அதைச் செய்தார்கள். எந்தக் கதவைத் திறக்க அவர் மாதக்கணக்கில் போராடினாரோ, அதே கதவை அவர் பெயரால் அடைத்துவிட்டோம்!

அவர் மறைந்த செய்தி வந்தபோது, ஒரு நூலகத் திறப்பு விழாவில் பேசுவதற்காகக் காக்ஸ் டவுனுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அழைத்தது அவருடைய மூத்த மகள் வினோதினி. "மாமா, அம்மா ஃபேக்டரியில மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எதிர்ப்புறம் வந்த பேருந்தில் ஏறித் திரும்பினேன்.

புதிதாகக் குடிவந்தோர் சிலர் அவரை அறியாமல் இருக்கலாம். பரிமளம் ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தையல் வரிசைக்கு மேற்பார்வையாளர். குரல் உயர்ந்தது, நாக்கு கூரியது. கணவர் ஏகாம்பரம் இரவெல்லாம் வாடகை வண்டி ஓட்டி, மென்பொருள் நிறுவன ஊழியரை வீடு சேர்ப்பவர். அவர் விடியலில் வந்து உறங்குவார். மனைவியும் இரண்டு மகள்களும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் திரும்பும் முன்பே அவர் வண்டியை எடுத்திருப்பார். நால்வரும் விழித்திருக்கும் வேளை ஞாயிறு நண்பகல் ஒன்றுதான். தகரக் கூரை வீட்டில் அந்த வேளையில் அடுப்பின்றியே உடல் வேகும். எதிரே புங்கமரங்களும் ஊஞ்சல்களும் நிறைந்த பூங்கா. ஆனால் காலை பத்து மணிக்குப் பூட்டி, மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். உண்டால் குப்பை சேரும், அமர்ந்தால் புல் தேயும், பந்து பட்டால் பூச்செடி முறியும் என்பன சங்கம் சொன்ன காரணங்கள்.

அவர் என்னிடம் முறையிட வந்த நாளில் சொன்னது இன்னும் என் செவியில் இருக்கிறது. "வீட்ல நாலு பேர் இருக்கோம்னு என் பொண்ணுங்க நம்பணும்னா, நாலு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிட்டு இருக்கணும்ணா."

கொதித்தெழுந்தேன். அடுத்த ஞாயிறே பூங்கா வாயிலில் நின்று, பொதுநிலம் பொதுமக்களுக்கே என்று நெடுநேரம் பேசினேன். கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. கூட்டம் கலைந்தபின் பரிமளம் அருகே வந்தார். "பேச்சு நல்லா இருந்துச்சுண்ணா. பூட்டுக்குத்தான் காது இல்ல." சொல்லிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் முழங்கவில்லை, மனுவும் எழுதவில்லை. பூங்காவின் புங்கமரம் ஒன்று வேலியைத் தாண்டி நடைபாதைமேல் கிளை நீட்டியிருந்தது. அந்த நிழலில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டார். கணவரையும் மகள்களையும் வரிசையாக அமர்த்தினார். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் பரிமாறினார். நிழலுக்கு யாரால் பூட்டுப் போட முடியும்? மறு வாரம் பக்கத்துத் தெரு ஜெயம்மா, தம் குடும்பத்தோடு எலுமிச்சைச் சித்ரான்னம் கொண்டு வந்தார். தமிழும் கன்னடமும் ஒரே விரிப்பில் கலந்தன. வாரந்தோறும் விரிப்புகள் நீண்டன. பந்தி முடிந்ததும் நடைபாதையைப் பெருக்கிவிட்டே எழ வேண்டும் என்பது பரிமளத்தின் கட்டளை. மீறியவர் அவர் வாயில் விழுந்து எழுந்தார்.

சங்கத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. அவர் வேறெவரும் அல்லர். தலைமுறைகளுக்கு முன்பே இந்நகரின் ஒக்கலிபுரத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், நம்மவர். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் சொல்வதில் பிழையிருந்தால் திருத்தட்டும். மக்கள் நடக்க வழியின்றி நடைபாதையை மறிக்கிறார்கள் என்று அவர் காவல் நிலையத்தில் முறையிட்டார். பந்தி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு காவலர் வந்து சேர்ந்தார். நீண்ட வரிசையைப் பார்த்தார்; வேலிக்கு உள்ளே ஆளற்ற நிழலையும் பார்த்தார். பிறகு பரிமளத்திடம் கேட்டார்: "பார்க் ஒளகே இதெயல்லம்மா, இல்லி யாக்கெ கூத்திதீரா?" பூங்கா உள்ளேயே இருக்கும்போது, இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார், தோழர்களே!

பரிமளம் கரண்டியைக் கீழேகூட வைக்கவில்லை. "அதே நாவூ கேள்தா இரோது, சார்." அதையேதான் நாங்களும் கேட்கிறோம்.

காவலர் தலைவர் பக்கம் திரும்பினார். நடைபாதை காலியாக வேண்டும் என்றால் இவர்கள் போக ஓர் இடம் வேண்டும், திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அது தலைவரின் சட்டைப் பையிலேயே இருந்தது. நம்மை விரட்டக் கொடுத்த முறையீடே நமக்கு வழி திறந்தது! பூட்டியவர் கையாலேயே அந்த நண்பகலில் கதவு திறந்தது. நாட்டை வென்று நகர் புகும் மன்னர்களைப் பற்றி மேடைதோறும் பேசியிருக்கிறேன். தூக்குச் சட்டியும் தண்ணீர்க் குடமுமாக அன்று நம் பெண்கள் நுழைந்த மிடுக்கை எந்த மன்னரிடத்தும் நான் கற்பனை செய்ததில்லை.

தலைவரும் எளிதில் விடவில்லை. "ஒரு வாரம் பார்ப்பேன். குப்பை கிடந்தா மறுபடியும் பூட்டுதான்" என்றார்.

"குப்பை கிடந்தா உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்? நானே பூட்டறேன்" என்றார் பரிமளம்.

சொன்னதைக் காத்தார். உதிர்ந்த சருகுகளையும் விட்டுவைக்காமல் பெருக்கினார். ஒரு முறை புதரடியில் தேநீர்க் காகிதக் குவளைகள் சில கிடைத்தன. அவற்றைத் தலைவர் முன் பணிவோடு நீட்டி, "இது எங்க சாப்பாட்டுக் குப்பை இல்லண்ணா, உங்க வாக்கிங் குப்பை" என்றார். தலைவர் உட்படச் சிரிக்காதவர் இல்லை. அதன்பின் காலை நடைக்கு வருவோரும் குவளையைக் கையோடு எடுத்துப் போனார்கள்.

முதல் ஞாயிறு உள்ளே உண்டு முடித்ததும் ஏகாம்பரம் புல்லில் சாய்ந்தார். உடனே உறங்கியும் போனார். இளைய மகள் காவியா, "அப்பா இங்கயும் தூங்கறாரும்மா" என்று குறைபட்டாள். "தூங்கட்டும்டி. முழிக்கறப்ப நம்ம மூஞ்சியப் பார்ப்பாரு இல்ல" என்றார் தாய். அப்படியே நடந்தது. கண்விழித்த தந்தை, ஊஞ்சலில் மகளை உயரத் தள்ளினார். சிறுமியின் சிரிப்பு வேலிக்கு அப்பாலும் கேட்டது. ஒரு குடும்பம் முழுமையாக ஒரே வேளையில் விழித்திருந்த ஒலி அது. வெற்றி என்றால் இதைவிட வேறென்ன?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுண்டு. அநீதியைக் கண்டால் முதலில் ஒலிபெருக்கியைத் தேடுபவன் நான். இப்போது முதலில் திறவுகோல் யாரிடம் என்று கேட்கிறேன். அந்தக் கேள்வி பரிமளத்தின் கொடை.

இப்போதும் கேட்கிறேன். போன ஞாயிறு, துயரம் நீங்காத ஏகாம்பரம் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு, சமைத்த சோற்றோடு அந்தக் கதவுவரை வந்தார். பரிமளத்தின் படத்தையும் பூட்டையும் பார்த்துத் திரும்பிப் போனார். தலைவரே, உங்கள் அன்பை நான் அறிவேன். மாலை வாங்கியபோது உங்கள் கண் கலங்கியதையும் கண்டேன். ஆயினும் பூட்டு பூட்டுதான். இன்றும் ஞாயிறு. இதுவும் நண்பகல். பூங்காவை அடைத்துவிட்டு, அதன் பக்கத்துக் கூடத்தில் நாற்காலி போட்டு அஞ்சலி செலுத்துகிறோம்!

போதும். கூட்டத்தை இத்தோடு முடிக்கிறேன். இளைஞர்களே, பந்திக்கென்று சமைத்து வைத்த பாத்திரங்களைத் தூக்குங்கள். ஏகாம்பரம், மகள்களோடு முன்னால் நடங்கள். தாய்மார்களே, விரிப்புகளை எடுங்கள். தலைவரே, எழுந்து வாருங்கள். உங்கள் கையாலேயே கதவைத் திறந்துவிடுங்கள். சோறு ஆறுவதற்குள், இப்போதே!