போசி நிற்காத கிக்கர்

எங்கள் வீட்டு மாட்டுச்சாலையில் இப்போது மாடு இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் எல்லோரும் அதை என் வீட்டுக்காரருடைய வண்டி என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு விவரம் போதாது. அது என்னுடைய வண்டி. என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று எங்கப்பன் கிணற்றடிக் காட்டை விற்று வாங்கிக் கொடுத்தது. பாசத்தில் கொடுத்தார் என்று ஒறம்பரைச் சொந்தங்கள் இப்போது கதை கட்டுகிறார்கள். பாசமுமில்லை, ஒன்றுமில்லை. மாப்பிள்ளை கேட்டால் மறுத்துப் பேசக் கூடாது, அவ்வளவுதான். அப்போது இவர் மாப்பிள்ளை. கறுப்பு வேண்டாம், சிவப்புத்தான் வேண்டும் என்றார். எங்கப்பன், “ஆமாங்க மாப்பள, செவப்புத்தானுங்க அழகு” என்றார். அதுவரை சிவப்பு எங்கப்பனுக்கு ஆகவே ஆகாது.

அந்த வண்டியில் ஏறிப் போக எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. பின்னால் உட்கார்ந்தால் புகையெல்லாம் சேலையில் ஏறும். கோயிலுக்குப் போனாலும் பெட்ரோல் பங்குக்குப் போய் வந்தவள் மாதிரி நாறும். ஆனாலும் எங்கப்பன் காட்டுக்கு ஈடாக நிற்கிற பொருள் அது. காட்டில் இன்றைக்கு வரிசையாக மாடி வீடுகள் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது வண்டி ஒன்றுதான். அது இரண்டு சக்கரத்தில் தரையில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

அதற்குத்தான் என் மருமகன் வினை வைத்தார். மகளைக் கட்டியவர். கணபதியில் பம்புக்கு உதிரிபாகம் கடைகிற பட்டறை வைத்திருக்கிறார். லேத்து வரிசையாக ஓடும், மருமகன் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்ப்பார். ஸ்பேனரைத் தொட்டால் கை கழுவ சோப்பு கேட்பார். அவருடைய சேக்காளி ஒருவர் துடியலூர்ப் பக்கம் ஓட்டல் திறக்கிறாராம். ஊரில் வீசி எறிந்த சாமான்களையெல்லாம் பொறுக்கிச் சுவரில் மாட்டி, அதற்கடியில் உட்காரவைத்துச் சோறு போடுகிற ஓட்டல். ஆட்டுக்கல்லைக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். சாப்பிடுகிறவன் மண்டையில் ஒரு நாளைக்கு விழும், அப்போது தெரியும். அந்தச் சுவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். மருமகன் எங்கள் மாட்டுச்சாலையைக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

“ஓடாத வண்டிதானுங்களே மாமா. அங்க மாட்டுனா நாலு பேரு போட்டோ எடுப்பாங்க.”

என் வீட்டுக்காரர் மாமனாராயிற்றே, மறுத்துப் பேசுவாரா? மென்று விழுங்கி, “ஓடுச்சுன்னா இருக்கட்டுங்க மாப்பள. ஓடலீன்னா எடுத்துக்கங்க” என்றார்.

என் வண்டிக்கு இவர் வாக்குக் கொடுக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டிக்கு வேறு சீக்கு எதுவும் இல்லை. கிக்கர்தான் போய்விட்டது. இந்த வண்டியில் இடது பக்கம் ஒரே கம்பிதான். கீழே முன்னால் சாய்ந்திருக்கும்போது கியர் போடலாம். உள்ளே அழுத்தி மேலே தூக்கித் திருப்பினால் அதுவே கிக்கர். அந்தக் கம்பி உட்காருகிற தண்டில் சுற்றிலும் பல் இருக்கும். கம்பிக்குள்ளேயும் பல் இருக்கும். எங்கள் கிக்கரின் பல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. உதைத்தால் கம்பி மட்டும் கீழே போகும், இஞ்சின் அசையாது.

புதுக் கிக்கரை மருமகனே வரவழைத்தார். நல்ல எண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். கிக்கர் இல்லாவிட்டால் போட்டோவில் வண்டி மொட்டையாகத் தெரியுமாம். பளபளவென்று நிக்கல் பூசின கம்பி. மாட்டின அன்றைக்கே சாயங்காலம் ஓட்டல்காரர் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துடியலூரிலிருந்து மெக்கானிக்கு வந்தார். இந்த வண்டியைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். அவர் பையைத் திறப்பதற்குள் மருமகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“நீங்க இருங்க. நானே மாட்டிப்போடறனுங்க. போன்ல பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“அதுக்கென்னங்க, மாட்டுங்க” என்றார் மெக்கானிக்கு. கையைக் கட்டிக்கொண்டு அக்கட்ட போய் நின்றார்.

மருமகன் போனைப் பெட்ரோல் டாங்கின் மேல் சாய்த்து வைத்தார். அதில் எவனோ இந்தியில் பேசினான். இந்தி மருமகனுக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. பழைய கம்பியைக் கழற்றினார், புதியதைத் தண்டில் செருகினார், சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார், போல்ட்டை முறுக்கினார். நிமிர்ந்து, “எப்படிங்க?” என்றார்.

“நெம்ப நல்லா இருக்குதுங்க மாப்பள” என்றார் இவர்.

“நல்லா இருக்குதுங்க” என்றார் மெக்கானிக்கு. ஆனால் கம்பியை ஒரு தரம் பார்த்தவர், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

இவர் வேட்டியை மடித்துக் கட்டி, இடது காலால் உதைத்தார். கம்பி பாதி தூரம் போய்க் கால்மிதியில் டங்கென்று இடித்து நின்றது. இஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை. மறுபடி உதைத்தார், மறுபடி டங்.

கம்பி சரியாக உட்காரவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே கோழிக்கும் தெரியும். ஆனால் மாட்டியவர் மாப்பிள்ளையாயிற்றே! மூன்று ஆண்கள் சுற்றி நின்றுகொண்டு, கிக்கரை விட்டுவிட்டு வண்டியில் மற்ற எல்லாவற்றின் மேலும் குற்றம் சொன்னார்கள்.

“பெட்ரோலு பழசாயிருச்சாட்ட இருக்குதுங்க” என்றார் இவர்.

“பிளக்குல கரி புடிச்சிருக்குமுங்க” என்றார் மெக்கானிக்கு.

பெட்ரோலை மாற்றினார்கள். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார்கள். கார்புரேட்டரை ஊதினார்கள். அப்புறம் காற்றின் மேலும் ஒரு குற்றம், “ஈரக்காத்துங்க, அதானுங்க” என்று. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு இவர் உதைப்பார், டங்கென்று இடிக்கும், மறுபடி வேறு இடத்தைத் திறப்பார்கள். மரியாதை என்று இதற்குப் பேர். எங்கள் பக்கத்து ஆண்கள் இந்த மரியாதையை வைத்துக்கொண்டு கிணற்றில் விழுகிறவனைக்கூடப் பார்த்து நிற்பார்கள்.

கடைசியில் மருமகன் கையைத் துடைத்துக்கொண்டு, “இஞ்சினே போயிருச்சுங்க மாமா. அவருக்குப் போன் பண்ணி, நேரா டெம்போவோடவே வரச் சொல்லிப்போடறேன்” என்றார்.

இவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்படியும், “செரிங்க மாப்பள” என்றார். எங்கப்பன் குரல் அப்படியே.

மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் குற்றம் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சொன்னால் மகள் புகுந்த வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உள்ளே போய்த் தவிட்டுப்போசியை எடுத்து வந்தேன். பிடி வைத்த பழைய பித்தளைப்போசி. மாடு இருந்த காலத்தில் பால் கறந்தது, இப்போது கோழித் தவிட்டுக்கு. மாட்டுச்சாலையில் ஆணி இல்லாததால் அதை எப்போதும் இந்த வண்டியின் கிக்கரில்தான் மாட்டி வைப்பேன். கம்பியை மேலே திருப்பி விட்டால் நட்டமாக, நேர் நிமிர்ந்து நிற்கும். பிடி போய் அதன் வளைவில் கச்சிதமாக உட்காரும். எந்தக் காற்றுக்கும் விழாது.

கம்பியை மேலே திருப்பினேன். அது நட்டமாக நிற்கவில்லை, குடித்தவன் மாதிரிப் பின்னால் சாய்ந்து நின்றது. போசியை மாட்டினேன். வழுக்கிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது. மருமகனின் வெள்ளைப் பேண்ட்டெல்லாம் தவிடு.

எடுத்தேன். மறுபடி மாட்டினேன். மறுபடி விழுந்தது.

“கெரகம், போசி நிக்க மாட்டீங்குதே” என்றேன், வண்டியைப் பார்த்து.

“ஏம்புள்ள, ஒறம்பரை நிக்கறப்ப என்ன போசி வேணும் உனக்கு?” என்றார் இவர்.

“கோழிக்குப் பசிக்குதுங்க. இத்தன வருசம் நின்ன போசி இன்னைக்கு உழுகுது. என் கையி தப்பா, போசி தப்பா, சொல்லுங்க பாக்கலாம்.”

மெக்கானிக்கு வேப்ப மரத்தை விட்டுவிட்டு வந்தார். பிடிக்கக் கிளை கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

“ஆமாங்க, அம்மாவுக்குப் போசி நிக்கோணுமுங்களே” என்றார். பிறகு மருமகனிடம் குழைந்தார். “மாட்டுனது செரியாத்தானுங்க இருக்குது. போசிக்குத்தானுங்க ஒத்துவல்லை. ஒரு பல்லு மேல ஏத்தி மாட்டிப்போடட்டுங்களா?”

“போசிக்காகவா?” என்றார் மருமகன், தவிட்டைத் தட்டியபடி.

“ஆமாங்க, போசிக்குத்தான்.”

“செரி, அத்தை சௌகரியம் போல மாட்டிக்கங்க.”

பித்தளைப்போசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூவரும் மூச்சு விட்டார்கள். மெக்கானிக்கு போல்ட்டைத் தளர்த்தினார், கம்பியை வெளியே இழுத்தார், ஒரு பல் தள்ளிச் செருகினார், ஆட்டிப் பார்த்து முறுக்கினார். நான் போசியை மாட்டினேன். நின்றது.

“எடுத்துக்கங்கம்மா, ஐயா ஒதைக்கட்டும்” என்றார் மெக்கானிக்கு.

இவர் உதைத்தார். இந்தத் தரம் கால் முழுத் தூரம் இறங்கியது. இஞ்சின் இருமியது. இன்னொரு உதையில் பிடித்துக்கொண்டது. நீலப்புகை மாட்டுச்சாலை முழுக்க நிறைந்தது. அதே நாற்றம். இவர் தானே கண்டுபிடித்த வண்டி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார். பாவம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மெக்கானிக்கு கிளம்புவதற்குள் ஓட்டல்காரர் வந்தார், மருமகன் போனில் சொல்லியிருந்ததால் பின்னால் டெம்போவும் வந்தது. பட்டணத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர். என் வீட்டுக்காரர் ஆசையாக வண்டியை உதைத்து ஓடவிட்டுக் காட்டினார். அத்தோடு வாக்கு முடிந்தது. ஓடுது, கொடுப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“சூப்பர் சார். ஓடுற கண்டிஷன். எடுத்துக்கலாமா?” என்றார் ஓட்டல்காரர்.

இவர் தலையைச் சொறிந்தார். “பாக்கலாமுங்க” என்றார்.

எங்கள் ஊரில் பாக்கலாமுங்க என்றால் முடியாது என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் மறுநாளே வேறு இடம் தேடுவோம். மருமகனுக்கும் அது தெரியும். ஆனால் சேக்காளியிடம் அதை எடுத்துச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, வண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? பாக்கலாம் என்றால் பார்த்தாயிற்று, எடுத்துக்கொள் என்று நினைத்துக்கொண்டார். டெம்போக்காரனைக் கூப்பிட்டார். அவன் கயிற்றோடு வந்தான். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கு மறுபடி வேப்ப மரத்துக்குப் போய்விட்டார்.

டெம்போக்காரன் ஹாண்டில்பாரில் கை வைத்தான்.

நான் தவிட்டுப்போசியைக் கொண்டுவந்து கிக்கரில் மாட்டினேன்.

“ஏனுங்க, வண்டி குடுக்கறதில்லைங்க. இது எங்கப்பன் எனக்குக் குடுத்ததுங்க. உக்காருங்க, காப்பி போடறேன், குடிச்சுப்போட்டுப் போங்க” என்றேன்.

ஓட்டல்காரர் இவரைப் பார்த்தார். இவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் போனைப் பார்த்தார். காப்பி குடிக்காமலே டெம்போ திரும்பிப் போனது.

அன்றைக்கு இரவு மகள் போன் செய்தாள். “அவரு சேக்காளி முன்னால, மூஞ்சில அடிச்சாப்ல சொல்லிப்போட்டயாமா? தலை நிமுத்த முடியலைங்கறாரு.”

“எல்லாத்துக்கும் ‘ங்க’ போட்டுத்தான சொன்னேன் கண்ணு, இன்னும் எத்தன போடோணுமாம்?” என்றேன்.